முள்மரத்தில் கட்டிய சட்டைத் துண்டு

நேற்றுக் காலை ஷொப்பிங் மோலுக்குள் மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது, என் நடைத்தோழிகள் நீங்கள் நால்வரும் அந்தச் சுற்றுலாத் தாளை என் கையில் திணித்தீர்கள். அயர்லாந்து, பத்து நாள், பஸ்ஸில். பச்சைப் புல்வெளி, கூரையில்லாத கோட்டைகள், ஆற்றில் படகு. பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றீர்கள். நான் தாளை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு முன்னால் நடந்தேன். பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

"உவளுக்கு ஓரிடத்தில கால் தரிக்காது. அயர்லாந்து எண்டவுடன மட்டும் என்னத்துக்கு உந்த ஓட்டம்?"

நல்ல கேள்விதான். நடந்துகொண்டே சொல்லக்கூடிய கதை இல்லை அது. இருந்து சொல்லவோ எனக்கு வராது, பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு கதிரையில் இருந்தால் முழங்கால் இரண்டும் ஆடத் தொடங்கிவிடும். ஆகவே எழுதுகிறேன். நடுவில் பத்துத் தரமாவது எழும்பிப் போயிருப்பேன். கதை அங்கங்கே குதித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அயர்லாந்து பார்த்தவள். உங்கள் தாளில் போட்டிருப்பதைவிடக் கூடுதலாகவே பார்த்தவள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

அந்தக் காலத்தில் நாங்கள் ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்தோம். உங்களில் இரண்டு பேர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர்கள், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. தாழ்வாரத்தில் எட்டு நாட்டுக் கறி மணக்கும். எங்கள் குசினிச் சுவரில் ஒரு மஞ்சள் தொலைபேசி, அதன் கீழே ஒரு கதிரை, கதிரையில் அம்மா. காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போதும் அங்கேதான், வரும்போதும் அங்கேதான்.

அண்ணனின் அழைப்புக்காகக் காத்திருந்தா. நாங்கள் கனடாவுக்கு வந்தபோது சோதனை எழுதிவிட்டு வருகிறேன் என்று ஊரில் நின்றவன் அவன். அது அவன் விட்ட பிழையா, நாங்கள் விட்ட பிழையா என்று அம்மாவும் அப்பாவும் கடைசிவரை வாதாடினார்கள். சண்டையால் நிலைமை மோசமானதும், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனோடு கொழும்பிலிருந்து வெளிக்கிட்டான். பதினெட்டு வயது. வழியில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு தரம் தொலைபேசி எடுத்து, "அம்மா, இஞ்ச ஒரே வெயில்" என்று சொன்னான். அதற்குப் பிறகு மூன்று மாதம் சத்தமில்லை.

அம்மா சாப்பிடுவதை விட்டா. அம்மாவின் தம்பி, என் மாமா, அயர்லாந்தில் ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்குத்தராக இருந்தார். கலியாணம் கட்டாத மனிதர். கோடை விடுமுறைக்கு அக்காவையும் பிள்ளையையும் அனுப்புங்கோ என்று இரண்டு விமான ரிக்கற்றை அனுப்பிவிட்டார். அம்மா மறுத்தா. "நான் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே படுக்கிறன், நீ போய் ஒருக்கா மூச்சு விட்டிட்டு வா" என்று அப்பா கெஞ்சினார். இரவு வேலைக்குப் போகிறவர், பகலில் அந்தத் தொலைபேசியின் கீழே பாய் போட்டுப் படுத்தார்.

போகுமுன் அம்மா என்னைக் கொண்டு ஏஜென்சிக்காரனின் விலாசத்துக்கு, அண்ணனிடம் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதுவித்தா. மாமா வீட்டுத் தொலைபேசி இலக்கம் அதில் இருந்தது.

"ஏழும் ஒண்டும் ஒரே மாதிரி விழாமல் வடிவா எழுது பிள்ளை. அவன் மாறி அடிச்சிடுவான்."

வடிவாகத்தான் எழுதினேன்.

மாமாவின் வீடு நகரத்தின் விளிம்பில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. ஆறு என்றால் பெரிய ஆறில்லை. கற்பாலம் ஒன்று, அதன் கீழே தண்ணீர் படி இறங்குகிற ஒரு அணைக்கட்டு. அந்தத் தண்ணீரின் சத்தம் ஓயவே ஓயாது. கண்ணை மூடினால் பக்கத்து அறையில் யாரோ விடாமல் பேசுவது மாதிரி இருக்கும். கரியடுப்பில் அந்த ஊரார் எரிக்கிற காய்ந்த சேற்றுக்கட்டியின் மணம், வெட்டிக் குவித்த புல் புளிக்கிற மணம், மழையில் நனைந்த மாட்டின் மணம். வீட்டு வாசலுக்குள் கால் வைத்தவுடன் ஒரு சின்ன மேசை, அதன்மேல் கறுப்புத் தொலைபேசி. அம்மா வந்திறங்கிய அன்றே அதன் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டா.

மாமா விடவில்லை. விடிந்தால் வெளியே கார் ஹோர்ன் அடிக்கும்.

"அக்கா, வெளிக்கிடுங்கோ! இண்டைக்கு ஒரு கோபுரம் பாக்கப் போறம்."

"நான் வரேல்லையடா தம்பி. ரெலிபோன் அடிச்சால் ஆர் எடுக்கிறது?"

"அத்தான் எண்டால் திரும்பவும் எடுப்பர். எழும்புங்கோ."

அப்படித் தொடங்கியது எங்கள் ஊர் சுற்றல். ஒவ்வொரு நாளும் ஒன்று. அம்மா சேலைக்கு மேல் மாமாவின் மழைக்கோட்டைப் போட்டு, காலில் கான்வஸ் சப்பாத்தோடு, கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி முன் சீற்றில் இருப்பா. நான் பின்னால். இரண்டு பக்கமும் கல்மதில், அதற்கு நடுவில் ஒரு கார் மட்டும் போகிற பாதை. எதிரே ட்ரக்டர் வந்தால் நாங்கள் பின்னோக்கிப் போவோம். எந்த மேட்டில் ஏறினாலும் ஒரு இடிந்த கோட்டை கண்ணில் படும். அதற்குள் மாடு நிற்கும்.

முதலில் பார்த்தது கூம்புத் தொப்பி வைத்த ஒரு உருண்டைக் கோபுரம். அதன் வாசல் நிலத்தில் இல்லை, இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. ஆற்று வழியாகக் கொள்ளைக்காரர் வந்தால் துறவிகள் ஏணியில் ஏறி உள்ளே போய், ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். மாமா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனார். அம்மா கழுத்தை நிமிர்த்தி அந்த வாசலையே பார்த்தா.

"ஏணியை இழுத்தாப் பிறகு ஓடி வந்தவன் என்ன செய்யிறது?"

 மாமா காருக்குள் வந்து இருந்து, கண்ணாடி துடைக்கிற வைப்பரைப் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்திக்கொண்டிருந்தார்.

அப்போது நான் கவனித்த ஒன்றைச் சொல்லவேண்டும். சில காலைகளில் அம்மா குளித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடிக்கும். மாமா ஓடிவந்து எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் "ஓம் அத்தான், ஓம்" என்று பேசுவார். வைத்த கையோடு வெளியே போய் ஹோர்ன் அடிப்பார். அந்த நாட்களில் நாங்கள் வழக்கத்தைவிடத் தூரம் போனோம். ஒரு நாள் இரண்டு கோட்டை, ஒரு குகை, ஒரு துறவிமடம் எல்லாம் பார்த்துவிட்டு மூன்று பேரும் காய்ச்சல்காரர் மாதிரி வீட்டுக்கு வந்தோம். எனக்கு எல்லாம் விடுமுறையாகத்தான் பட்டது. செய்தி எவ்வளவு கெட்டதோ அன்றைக்கு அவ்வளவு கோட்டை என்ற கணக்கு இப்போதுதான் விளங்குகிறது.

மாமா வீட்டிலிருந்து ஆற்றங்கரை வழியே அரை மணி நேரம் நடந்தால் ஒரு பழைய மடம். அதன் பூட்டிய இரும்புக் கதவில் ஒரு பலகை: திறப்பு அடுத்த வீட்டில். அடுத்த வீட்டில் றப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், அறுபது வயதிருக்கும், ஏப்பிரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் முழங்கை நீளப் பூட்டுத் திறப்பு ஒன்றைத் தூக்கித் தந்தா. அவவுக்கு நாங்கள் வைத்த பெயர் திறப்புக்காரி.

மடத்து வாசலில் அம்மா சப்பாத்தைக் கழற்றினா. கூரை இல்லாவிட்டால் என்ன, சாமி இருந்த இடம்தானே என்றா. உள்ளே, பட்டால் எரிகிற காஞ்சோண்டி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஆட்டுப் புழுக்கை வேறு. நாலாவது அடியில் "ஐயோ" என்று துள்ளினா. திறப்புக்காரி ஓடிவந்து ஏதோ ஒரு இலையைக் கசக்கி அம்மாவின் பாதத்தில் தேய்த்துவிட்டா. இருவரும் ஒரு சொல் பேசாமல் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் அம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன். அடுத்த முறை போனபோது வாசலிலிருந்து பலிபீடம் வரை காஞ்சோண்டி அரிந்து, பாதை கூட்டியிருந்தது.

அந்த மடத்தின் பின்னால், ஆற்றுப் பக்கம் சரியும் நிலத்தில் ஒரு ஊற்றுக் கிணறு. அதன்மேல் வளைந்த ஒரு முள்மரம், மரம் நிறையத் துணிக் கிழிசல்கள். சிவப்பு, நீலம், குழந்தையின் காலுறை, யாரோ ஒருவரின் கழுத்துப்பட்டி. அம்மா கண்டவுடன் நின்றா. எங்கள் ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்த வேண்டுமா? மரத்தில் துணி கட்டியிருந்தால் நேர்த்திக்கடன். நேர்த்தி இருந்தால் கேட்கிற ஆள் அங்கே இருக்கிறது.

அம்மா கைப்பையைத் திறந்தா. பயணம் முழுவதும் அதை ஏன் அப்படி அணைத்துக்கொண்டிருந்தா என்று அன்றுதான் தெரிந்தது. அண்ணனின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை, ஊரைவிட்டு வந்த நாளில் எடுத்து வந்தது, தோய்க்காதது, உள்ளே இருந்தது. சட்டைக் கையின் நுனியைப் பல்லால் கடித்து ஒரு நீளத் துண்டாகக் கிழித்தா. ஆற்றுப் பக்கக் கிளையில் மூன்று முடிச்சுப் போட்டா.

திறப்புக்காரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னா, அம்மாவுக்குச் சொல் என்று. இந்த மரத்தில் கட்டிய துணியை அவிழ்க்கக் கூடாது. மழையிலும் வெயிலிலும் அது இற்று உக்கிப் போகவேண்டும். உக்க உக்கத் துன்பமும் போகும். அவிழ்க்கிறவர் அந்தத் துன்பத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

"என்னவாம்?" என்றா அம்மா.

எனக்கு 'உக்கும்' என்ற ஒரு சொல்தான் தலைக்குள் நின்றது. அண்ணனின் சட்டை உக்கும். உயிரோடு இருக்கிறவனின் சட்டையை உக்கக் கட்டியிருக்கிறா என்று அம்மாவுக்குத் தெரிந்தால் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவா.

"நல்ல மரமாம் அம்மா. கேட்டதைக் குடுக்குமாம்."

அம்மா திறப்புக்காரியைப் பார்த்துக் கும்பிட்டா. அவவும் தலையை ஆட்டினா.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அயர்லாந்து மழை உங்களுக்குத் தெரியாது, பெய்கிறதா இல்லையா என்று முடிவெடுக்காமலே நாள் முழுக்க நனைக்கும். ஒவ்வொரு துளியும் அந்தத் துண்டின்மேல்தான் விழுகிறது என்று எனக்கு எண்ணம். கோட்டைகளில் நான் எதையும் பார்க்கவில்லை. படிகளில் ஏறி இறங்கினேன், மதிலில் நடந்தேன், மாமாவிடம் ஏச்சு வாங்கினேன். எப்போது தனியாக விடுவார்கள் என்பதே யோசனை.

ஒரு வியாழக்கிழமை வாய்த்தது. அம்மாவின் பிறஷரைப் பார்க்கத் தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மாமா ஒழுங்கு செய்திருந்தார். அம்மா அசையவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு எழும்பினா. என்னைத் தன் கதிரையில் இருத்தினா.

"நீ உதில இரு. அடிச்சால் உடன எடு. அண்ணை எண்டால் வைக்க விடாதை. நான் வருமட்டும் கதைச்சுக்கொண்டே இரு, என்னத்தையாவது கதை."

"ஓம் அம்மா."

கார் பாலத்தைத் தாண்டிய சத்தம் கேட்டதும் எழும்பினேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஓடிப்போய் ஓடி வந்தால் ஒரு மணித்தியாலம். கதவைச் சாத்தினேன், திறப்பைப் பொக்கற்றில் போட்டேன், வெளிவாசல் படலையில் கை வைத்தேன். உள்ளே தொலைபேசி அடித்தது.

மாமாதான் என்று நினைத்தேன். நான் இருக்கிறேனா என்று பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து எடுக்கிறார். கார் போய்ச் சேர நேரம் காணாது என்று யோசிக்கிற புத்தி இல்லை. எடுத்தால் அம்மாவிடம் கொடுப்பார், அம்மா வைக்கவே மாட்டா, மழை திரும்பத் தொடங்கிவிடும். படலையில் கையை வைத்தபடி நின்றேன். நெடுநேரம் அடித்து ஓய்ந்தது. நான் வெளியே வந்து ஆற்றங்கரைப் பாதையில் திரும்பினேன். வேலிக்கு அப்பால், அணைக்கட்டுச் சத்தத்துக்கு நடுவில், திரும்பவும் அடிப்பது கேட்டது. ஓடத் தொடங்கினேன்.

துண்டு அப்படியே இருந்தது, ஈரமாக, கொஞ்சம் பச்சை படிந்து. முடிச்சு இறுகிப் போயிருந்ததால் நானும் பல்லால்தான் அவிழ்த்தேன். முள் கன்னத்தைக் கீறியது. திறப்புக்காரியின் நாய் ஒரு தரம் குரைத்தது. யாரும் வரவில்லை. துண்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஓடிவந்து கதிரையில் இருந்தேன். ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்த சந்தோசம். அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நம்பினேன்.

கார் வந்து நின்றதும் அம்மா மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தா.

"அடிச்சதே?"

"இல்லை."

நாங்கள் ஆவணி முடிவில் ரொறொன்ரோ திரும்பினோம். மாரிக் குளிர் தொடங்கிய பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். அண்ணன் அந்த வெயில் நாட்டில் பிடிபட்டு மறியலில் அடைபட்டிருந்தான், சுகமில்லாமல் இருந்தான் என்று அவருக்கும் மாமாவுக்கும் ஆனியிலேயே தெரியும். விடுவித்து எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருவரும் ஒளித்திருக்கிறார்கள். பிறகு அவனை வேறெங்கோ மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தடயமும் இல்லை. அம்மா அப்பாவை ஏசவில்லை. அழவுமில்லை. எழும்பிப் போய்த் தொலைபேசியின் கீழே இருந்தா.

அந்தக் கதிரையிலிருந்து அவ இறங்கவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்காபரோவுக்கு வீடு மாறினோம், தொலைபேசி வயரை விட்டது, கைக்குள் வந்தது. என் வீட்டுக்கு நீங்கள் எடுத்தால் முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிடுவா என்று எத்தனை தரம் சிரித்திருப்பீர்கள். காப்புறுதி விற்க எடுத்தவனிடம்கூட "ஆர் அப்பன் நீ, சாப்பிட்டியே?" என்று கேட்டவ. அண்ணனுக்குத் திவசம் செய்ய விடவில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ?" என்று ஒரே கேள்வியில் ஐயரைத் திருப்பி அனுப்பினவ.

போன ஐப்பசியில் அம்மாவின் செத்தவீட்டுக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். மழைக்கோட்டோடு ஒரு வெள்ளைத் தலைக் கிழவர் பின்வரிசையில் இருந்தாரே, அவர்தான் மாமா. எல்லாம் முடிந்து கோப்பி குடிக்கிற அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அண்ணனோடு மறியலில் இருந்த ஒருவனைப் பல வருடங்களுக்குப் பிறகு லண்டனில் கண்டாராம்.

"காவல்காரனுக்குக் கையில போட்டிருந்த மணிக்கூட்டைக் குடுத்து ஒருக்கா ரெலிபோன் எடுத்தவனாம். எங்கட வீட்டுக்கு. ரண்டு தரம் அடிச்சவனாம் பிள்ளை. நெடுக அடிச்சதாம். ஆரும் எடுக்கேல்லையாம்."

நான் ஒரு கோப்பையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"நான்தான். அக்கா கதிரையிலதான் இருந்தவ. ஹோர்ன் அடிச்சு அடிச்சு எழுப்பிக்கொண்டு போய்க் கோட்டை காட்டினன். வீட்டில விட்டிருந்தால் அவன்ர குரலையாவது கேட்டிருப்பா."

எழுபத்தைந்து வயது மனிதர் பேப்பர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அப்போது சொல்லியிருக்கலாம். மாமா, அது நீங்கள் இல்லை என்று நாலு சொல். எழும்பி, வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றப் போனேன். இரண்டாவது தரமும் படலையிலேயே நின்றுவிட்டேன். வெட்கம் என்று சொன்னால் காணாது, பயம்.

சட்டைத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பாஸ்போட் உறைக்குள் வைத்திருக்கிறேன். மஞ்சளாகிவிட்டது, ஆனால் ஒரு நூல்கூட உக்கவில்லை. திறப்புக்காரி சொன்னதை நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது. உக்குவது ஆள் இல்லை, துன்பம். அதை உக்க விடாமல் காலுறைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். அம்மா இருந்தவரை அதைத் திருப்பிக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. இனி வரும்.

ஆகவே என் பெயரையும் எழுதுங்கள். உங்கள் பஸ் அந்த ஊருக்குப் போகாது, தாளில் பார்த்துவிட்டேன். நடுவில் இரண்டு நாள் நான் கழன்று போவேன், தேடவேண்டாம்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருந்தது. பஸ் கிளம்பும்வரை அந்த மனிதர் இந்தப் பாரத்தோடு இருக்கக் கூடாது. இன்று காலை, இதை எழுதுவதற்கு நடுவில் எழும்பிப் போய், மாமா வீட்டுக்கு எடுத்தேன். அதே வீடு, அதே இலக்கம்தான், முன்னால் சில எண்கள் கூடியிருக்கின்றன. நெடுக அடித்தது. அந்தச் சின்ன மேசை என் கண்ணுக்குள் நின்றது. அவருக்கு இப்போது நடக்கத் தடி வேண்டும், வாசலுக்கு வர நேரமாகும் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். ஓய்ந்துவிட்டது.

திரும்பவும் அடித்தேன்.

"ஓம், ஆர் அது?"

"மாமா, நான். வைச்சிடாதேங்கோ. அண்டைக்கு நான் வீட்டிலதான் நிண்டனான்."